பைச் சோதனை

செவ்வாயும் வெள்ளியும் என் கைக்குப் பைகள் வரும்.
நீல வில்லை சட்டையில் குத்தியிருந்தால்
யாருடைய பையையும் திறக்கலாம்.
யார் சொன்னது என்று நான் கேட்டதில்லை.
திறந்தேன்.

ரொட்டி, நேற்றைய மீன்குழம்பில் ஊறியது.
பத்திரிகைத் தாளில் மூன்று சுற்றுச் சுற்றிய துவாய்,
அதை மட்டும் பார்க்காததுபோல் பார்ப்பேன்.
முகம் பார்க்கும் கண்ணாடி: தடை.
யாரோ ஒரு தங்கச்சியின் பால்போத்தல், தவறி வந்தது.
இரண்டு வருடத்தில் ஒரேயொரு போன்,
அதுவும் பற்றரி வீங்கிச் செத்தது.

கம்சாயினியின் பையில் ஒரு கொப்பி,
நாற்பது தாள்.
காதல் என்று நினைத்துத்தான் புரட்டினேன்.

*திங்கள். கணிதம் இல்லை. சேர் பாதையைத் தவறவிட்டார்.
செவ்வாய். கணிதம் இல்லை. ஆற்றில் காற்று.
புதன். கணிதம் இருபது நிமிடம். மறுகா பாதைக்கு நேரம்.*

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில்
ஆற்றைக் கடக்கும் இரும்புத் தட்டுக்கு
எங்கள் பக்கம் பாதை என்று பெயர்.
மோட்டார் சைக்கிளும் ஆசிரியர்களும்
எழுவான்கரையிலிருந்து அதில் வருவார்கள்,
வெயில் சாய முன்னம் அதில் போவார்கள்.
அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்.
அதையும் எழுதியிருந்தாள், ஓரத்தில், சின்ன எழுத்தில்.

*பெண்கள் கழிவறை: பூட்டு. திறப்பு ஒபிசில். ஒன்பதாம் நாள்.*
*வசதிக் கட்டணம் கட்டாததால் வெயிலில் நின்றோர்:
முப்பத்தைந்து நிமிடம்.* கீழே பதினொரு பெயர்.
ஏழாவது பெயர் என் தம்பி.
வீட்டில் அவன் மூச்சு விடவில்லை.
தலையிடி என்றான், படுத்தான்.

அப்படியும் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
இந்த வரியை நான் அடிக்க மாட்டேன்.

பிரின்சிபலின் அறையில் மின்விசிறி
கலண்டர்த் தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
"பாடசாலையின் நற்பெயருக்குக் களங்கம்
விளைவிக்கும் எழுத்து" என்று சொல்லச் சொல்ல
நான் சாட்சியாய் எழுதினேன், எழுத்துப் பிழையில்லாமல்.
போன தவணை குடியியலில்
அடிப்படை உரிமைகள் ஐந்து தருக என்றார்கள்.
ஆறு எழுதியவள் நான்.
கருத்து வெளியிடும் சுதந்திரத்துக்கு
ஒரு சிவப்புச் சரி, வடிவான சரி.

கம்சாயினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:
"சேர், இதில எது பொய்?"

கலண்டர் மட்டும் பேசியது.

இரண்டு கிழமைக்கு வரவேண்டாம்.
வரும்போது தாய் வந்து கையொப்பம் வைக்க வேண்டும்.
தாய் குவைத்தில் இருக்கிறா.
அந்தக் கையெழுத்து வந்துசேர
எத்தனை பாதை பிடிக்க வேண்டுமோ.

சோதனை என்றால் பரீட்சை,
சோதனை என்றால் பை திறப்பது,
சோதனை என்றால் கஷ்டகாலம்.
மூன்றும் ஒரே சொல்லாய் இருப்பது
அன்றைக்கு இரவு எனக்கு வசதியாய் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கேற்றடியில் எனக்கு வேறு வேலை:
பிந்தி வந்தோர் பதிவேடு.
பெயர், நேரம், காரணம், ஒப்பம்.
ஆறாம் ஆண்டுப் பொடியன்கள் நால்வர்,
வயலுக்குள் யானை என்று எழுதினார்கள்.
பதிவேட்டின் மட்டையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.
பிந்தி வந்த *மாணவர்* என்று எங்கும் இல்லை.

எட்டு இருபதுக்குக் கணித சேர் வந்தார்,
காற்சட்டை விளிம்பில் ஆற்று ஈரம்.
"குட் மோர்னிங் சேர்" என்றேன்.
பெயர் எழுதினேன். நேரம் எழுதினேன்.
காரணத்துக்கு எதிரே இடம் விட்டு
பதிவேட்டையும் பேனையையும் நீட்டினேன்.
கை நடுங்கியது, கா. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் என் வில்லையைப் பார்த்தார்.
பிறகு எனக்குப் பின்னால், பூட்டிய கழிவறையை,
அல்லது அதற்கும் அப்பால் எதையோ.
பேனையை வாங்கிக்கொண்டார்.
மூடியைக் கழற்றவில்லை இன்னும்.

உள்ளே பத்து ஏயில் இடாப்புக் கூப்பிடுகிறார்கள்.
கம்சாயினி என்கிறார்கள்.
இரண்டாம் தரமும்.